நீரிழிவும் குடற்பூச்சும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீரிழிவு, உடற்பருமன் என்னும் இரு நோய்கட்கும் மேல்நாட்டறிஞர் ஆராய்ந்துவரும் குடற்பூச்சு முறையைக் குறித்துச் சில சொல்ல முன்வந்துள்ளோம். யாம் தமிழாசிரியரேயன்றி மருத்துவரல்லேம். ஆயினும் இப்பொருளைப் பேசத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. ஒரு மருந்தைக் குடித்தால் குடலின் உட்புறத்தில் ஒரு படலம் படியும்; அதன்பின் அறுவையும் வேண்டா, மாத்திரையும் வேண்டா என்னுஞ் செய்தி நம் இல்லங்களில் உலவுகின்றது. அதனை நம்பி, உண்டுவரும் மருந்தை நிறுத்தலாமோ என்று எம்மை வினவினாரும் உளர். இச்செய்தியில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பிரித்தறிவது இன்றியமையாததன்றோ?

குடற்பூச்சின் பிறப்பை அறிய வேண்டின், முதற்கண் சத்திர சிகிச்சையின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வர்டு மேசன் என்னும் சத்திர வைத்தியர், உடற்பருமன் மிக்கார்க்கு இரைப்பையைச் சிறிதாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரே இணைக்கும் முறையைத் தொடங்கினார். எடையைக் குறைத்தலே அவர்தம் நோக்கம். ஆனால் எதிர்பாராத பயனொன்று பின்னர் வெளிப்பட்டது. இம்முறைப்படி சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளர் 146 பேருள் 121 பேர்க்குக் குருதிச் சர்க்கரை இயல்பு நிலையை எய்திற்று என வட கரோலினாவைச் சார்ந்த வால்ட்டர் போரீஸ் என்பாரும் அவர் குழுவினரும் 1995இல் எழுதினர். உடல் மெலிவதற்கு முன்னரே, சில நாட்களிலேயே சர்க்கரை தணிந்தது என்பதுதான் வியப்பு. 2004இல் பிரான்செஸ்கோ ரூபினோ என்பார் பருமனில்லாத நீரிழிவு எலிகளில் இரைப்பையைத் தொடாமல், முன்சிறுகுடலை மட்டும் உணவு தீண்டாதவாறு செய்தபோதும் சர்க்கரை தணிந்தது.

இம்முன்சிறுகுடலை மேல்நாட்டார் டியோடினம் என்பர். பன்னிரண்டு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. பன்னிரு விரலளவு நீளமுடையது என்னுங் கருத்தால் எழுந்தது. ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் நீளமுள்ள இச்சிறு பகுதிக்கு இத்துணை ஆற்றலோ என்று ஐயுறுவீர்கள். வாய்க்காற் பாசனத்தை நினைமின்! தலைமடை முழுதும் திறந்திருப்பின் நீர் அங்கேயே பாய்ந்து தேங்கும், கடைமடை வறளும். தலைமடையை அடைத்தால் நீர் கடைமடைக்குச் செல்லும். அதுபோல முன்சிறுகுடலை உணவு தீண்டாது கீழே செல்லின், கீழ்க்குடல் விரைவில் உணவைப் பெற்றுச் சில சுரப்புநீர்களை மிகுதியாக வெளியிடுகின்றது. அவை கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவதுடன், பசியையும் தணிக்கின்றன. இஃது அறிஞர் பலர் கூறும் விளக்கமாம்.

இவ்வளவு பயனிருந்தும், அமெரிக்க நாட்டிலேயே இச்சிகிச்சைக்குத் தகுதியுடையாருள் நூற்றுக்கு ஓரிருவரே அதனை மேற்கொள்கின்றனர். அச்சமும் செலவும் ஏனையோரைத் தடுக்கின்றன. ஆகவே, கத்தியின்றித் தலைமடையை அடைக்க வழியுண்டோ என்று ஆராயத் தொடங்கினர்.

முதலில் 60 செண்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய உறையொன்றை வாய்வழியாகச் செலுத்திக் குடலினுட் பொருத்தினர். எண்டோபாரியர் என்பது அதன் பெயர். சர்க்கரை குறைந்தது உண்மையே. ஆனால் சிலர்க்கு ஈரலிற் சீழ்க்கட்டி உண்டானமையால் அமெரிக்காவில் நடந்த சோதனை 2015இல் நிறுத்தப்பட்டது. உட்பொருத்திய உறை அகலாது நிற்பதினும், தானே கழிந்துபோகும் பூச்சு மேலானது என்னும் எண்ணத்திற்கு இஃதொரு காரணமாகும்.

பாஸ்டன் நகரத்துப் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் அலி தவக்கொலி, ஜெஃப் கார்ப் முதலியோர், வயிற்றுப் புண்ணுக்கு நெடுநாளாக வழங்கிவரும் சுக்ரால்ஃபேட் என்னும் மருந்தைத் திருத்தியமைத்து ஒரு பூச்சுப் பொருளை ஆக்கினர். 2018இல் வெளிவந்த அவர்தம் ஆராய்ச்சியின்படி, அதனை ஊட்டப்பெற்ற எலிகளுக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தபோது, ஒரு மணி நேரத்திற்குப் பின் குருதியில் ஏறும் சர்க்கரை 47 விழுக்காடு குறைந்தது. மூன்று மணி நேரத்தில் அவ்விளைவு மறைந்தது.

2020இல் ஜியோவானி டிராவெர்சோ குழுவினர் மற்றொன்றைக் கண்டனர். கடற்சிப்பி பாறையிற் பற்றிக்கொள்ள உதவும் பசையை ஒத்தது அது. குடிக்கும்போது நீர்மமாயிருக்கும், சிறுகுடலிலுள்ள ஒருவகை நொதி பட்டவுடன் மெல்லிய படலமாகப் படியும், ஒருநாளளவில் உதிர்ந்து கழியும். இதனைப் பன்றிகளில் ஆய்ந்தனர். இவ்வழியில் வந்த மாத்திரையை மக்களுள் முதன்முதல் உட்கொண்டோர் 9 பேர். அதன் செய்தி 2025ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் தேசத்து மாலகா நகரில் கூடிய உடற்பருமன் மாநாட்டிற் கூறப்பட்டது. அவர்கள் நோயில்லாதவர் என்பதை மறவாதீர்கள்.

அன்பர்களே! எலி, பன்றி, நலமுடைய ஒன்பதின்மர் என்பது வரையிலேதான் மேற்கூறிய இவ்வழி 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்திருந்தது. பல்லாண்டு நாள்தோறும் குடலைப் பூசிவரின் இரும்பு முதலிய சத்துக்கள் குறையுமோ, வேறு மருந்துகளின் செரிமானம் தடைப்படுமோ என்பனவற்றையெல்லாம் நோயாளர் பலரிடம் நெடுநாள் ஆய்ந்தே துணிதல் வேண்டும். ஆராய்ச்சியாளர் சொல்வது நம்பிக்கை. சந்தையிற் கூவுவோர் சொல்வது தீர்வு. இரண்டும் ஒன்றல்ல.

ஆதலின் நம் குடும்பத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, புதுச் செய்தியைக் கேட்டு மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தற்க. பிறவியிலோ இளமையிலோ கணையம் இன்சுலினைச் சுரக்காதொழிந்த குழந்தைகட்கு அதனை ஒருநாள் நிறுத்துவதும் உயிர்க்கு இடர். இரண்டாவது, குடலைப் பூசும் என்று கூறி எவரேனும் பொடியோ இலேகியமோ விற்பாராயின், மருத்துவரைக் கேளாது வாங்கற்க. மூன்றாவது, சத்திர சிகிச்சை தகுமென மருத்துவர் கூறின், பூச்சு வரும்வரை பொறுப்போம் என்று ஆண்டுகளைக் கழியவிடற்க; காத்திருக்குங் காலத்தில் கண்ணும் சிறுநீரகமும் காலும் காத்திரா. அச்சிகிச்சைக்குப் பின்னும் வாழ்நாள் முழுதும் சத்து மருந்துகளும் மேற்பார்வையும் வேண்டும் என்பதையும், சிலர்க்கு நோய் மீளும் என்பதையும் கேட்டறிந்தே முடிவு செய்க.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் முன்னுண்டது செரித்தலையும், அளவறிந்து உண்டலையும் பற்றியே பெரிதும் பேசினார். எந்தப் பூச்சு வந்தாலும் அவ்வறிவுரை பழுதாகாது. ஆயினும் அளவாக உண்டும் நோயுற்றவரை அவருடைய நாவின் குற்றமென்று பழித்தல் அறமன்று. நோய் குடலிலும் கணையத்திலும் குடிவழியிலும் வேரூன்றியது என்பதனைத்தான் மேற்கூறிய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பருத்த உடலினரை நம் விருந்துகளில் எள்ளாமல், மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்வோமாக.