ஒழுங்குக்குள் அடங்காத வினைகள்

இத்தாலி மொழியில் 'வா' என்றொரு சொல் உண்டு. நமது காதுக்கு அது அழைப்பாகவே கேட்கும். ஆனால் அந்த மொழியில் அதன் பொருள் 'அவன் போகிறான்' என்பதாகும். 'நீ போ' என்று ஏவுவதற்கும் அதே ஒலி வழங்குகிறது. மட்டக்களப்பிலிருந்து புதிதாகப் போய் இறங்கிய ஒருவரைப் பார்த்து இத்தாலியர் 'வா' என்றால், நம்மவர் கிட்டப் போய்த்தான் நிற்பார்.

இந்த 'வா' பிறந்த வினை 'அந்தாரே', அதாவது போதல். அதனை இடந்தோறும் சொல்லிப் பாருங்கள். நான் போகிறேன் என்பதற்கு 'வாதோ'. நீ போகிறாய் என்பதற்கு 'வாய்'. அவன் போகிறான் என்பதற்கு 'வா'. நாங்கள் போகிறோம் என்றால் 'அந்தியாமோ'. நீங்கள் போகிறீர்கள் என்றால் 'அந்தாத்தே'. அவர்கள் போகிறார்கள் என்றால் 'வான்னோ'. ஆறு உருவங்களில் இரண்டுக்குத்தான் 'அந்தாரே'யோடு முகச்சாயல் இருக்கிறது. மற்ற நான்கும் இலத்தீனில் 'வாதெரே' என்று வழங்கிய வேறொரு வினையின் பிள்ளைகள். இரண்டு குடும்பம் ஒரு வீட்டில் குடியிருக்கின்றன.

இத்தாலி மொழியில் ஒழுங்கே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே வினைகள் 'அரே', 'எரே', 'இரே' என்று முடியும் மூன்று வகுப்புகளாக உள்ளன. பேசுதல் என்னும் 'பார்லாரே' ஒன்றை மனனம் செய்தால், 'பார்லோ, பார்லி, பார்லா' என்ற அதே அச்சில் ஆயிரம் வினைகளை வார்த்துவிடலாம். அச்சில் அடங்காதவை சொற்பமே. ஆயினும் அந்தச் சொற்பத்துள்தான் இருத்தல், உடைத்தாதல், போதல், வருதல், செய்தல், சொல்லுதல், கொடுத்தல் எல்லாம் வந்துவிடுகின்றன. ஒரு மனிதன் காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை இவை இல்லாமல் வாய் திறக்க முடியாது.

தமிழ் இலக்கியத் தொடரில் இத்தாலி வினைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். சிசிலித் தீவின் பலர்மோ நகரில் ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். சைவரும் கத்தோலிக்கரும் என்ற பேதமின்றிப் புனித ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு அவர்கள் ஏறிப்போவது அந்நகரத்தார் நன்கறிந்த காட்சி. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் 'வாதோ, வாய், வா' சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் வாயில் நமது 'வா' என்னவாகிறது என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் நமது வீட்டைப் பார்ப்போம். 'வா' என்பது நமக்குப் பகுதி. ஆனால் 'வாந்தான்' என்று எவரும் சொல்வதில்லை. வந்தான், வருகிறான், வாராதே என்று அது நெடிலாகவும் குறிலாகவும் மாறி மாறி நிற்கிறது. வகுப்பில் 'வந்தான்' என்பதைப் பிரித்துக் காட்டச் சொன்னால் மாணாக்கர், பகுதி 'வா', அது 'வ' எனக் குறுகியது விகாரம் என்று ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். விகாரம் என்பது நல்ல சொல். விதிக்குள் அடங்காததைப் பிழை என்று தள்ளாமல், அதற்கும் ஒரு பெயர் கொடுத்து, பகுபத உறுப்புகள் ஆறில் ஒன்றாக நமது இலக்கணம் அமர்த்திவிட்டது.

இன்னும் சில பாருங்கள். சொல், நில், வில் மூன்றும் லகர ஈறு. சொன்னான், நின்றான், விற்றான் என்று மூன்றும் மூன்று வழி போகின்றன. 'சா' என்பது 'செத்தான்' ஆகிறது. 'காண்' என்பது 'கண்டான்' ஆகிறது. 'படு' என்னும் வினை இரண்டு வழி போகும். பாயில் கிடந்தவன் படுத்தான். துன்பத்துக்கு ஆளானவன் பட்டான். நமது பிரதேசத்தை மீன் பாடும் தேன்நாடு என்று புகழ்வார்கள். வாவியில் வலை போடுகிறவருக்கோ மீன் பாடுவதை விட மீன் படுவது பெரிது. 'மீன் பட்டதா?' என்றுதான் கரையில் நிற்பவர் கேட்பார். 'மீன் படுத்ததா?' என்று கேட்டால் தோணி சிரிக்கும். இந்த வேறுபாட்டை எந்த மீனவரும் நூலில் படித்து அறியவில்லை.

'தா', 'வா' இரண்டுக்கும் தொல்காப்பியம் தனியிடம் கொடுத்திருக்கிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது கிளவியாக்கம் கூறும் மரபு. 'உனக்குத் தாறன்', 'அவனுக்குக் குடு' என்று நாம் பேசும்போது அந்த மரபு நாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. மலையாளத்திலும் அது இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் வெளியிலிருந்து வந்து கற்ற ஒருவர் இத்தாலியரே என்பது சுவையான செய்தி. 1680 இல் இத்தாலியில் பிறந்த கொன்ஸ்தாந்சோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், செந்தமிழுக்கு மட்டுமன்றிப் பேச்சுத் தமிழுக்கும் இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738 இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. 'வாதோ, வாய், வா' என்று சொல்லி வளர்ந்த நாக்கு 'வா, வந்தேன், வருவேன்' என்று சொல்லப் பழகியது.

ஏன் இப்படிப் பல மொழிகளிலும் நெருங்கிய வினைகளே முரண்டு பிடிக்கின்றன? மொழியியலார் தரும் விடை எளிமையானது. எப்போதாவது சொல்லும் வினையின் உருவம் மறந்துபோனால், மனம் பொதுவிதியைக் கொண்டு ஒன்றைச் செய்துகொள்ளும். நாளுக்கு நூறு தரம் கேட்கும் வினையை மறக்க நேரமில்லை. அதனால் அதன் பழைய உருவம் தேயாமல் நிற்கிறது. இன்று புதிதாகப் பிறக்கும் வினைகளைப் பாருங்கள். இத்தாலியர் அவற்றைப் பெரும்பாலும் 'அரே' வகுப்பில் சேர்த்து ஒழுங்காக்கிவிடுகிறார்கள். நாமோ 'போன் பண்ணினான்' என்று ஒரு 'பண்ணு'வைப் பூட்டிவிடுகிறோம். விலக்காய் நிற்பவை பழையவை. பேச்சின் இடைவிடாத புழக்கமே அவற்றுக்குக் காவல்.

அந்தப் புழக்கம் அறுந்தால் என்ன நடக்கும்? விடை நமது வாவிக்கரையிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறிய பின்னும் போர்த்துக்கேய மொழி போகவில்லை. பறங்கியர் வீடுகளில் அது கிரியோல் மொழியாக வாழ்ந்தது. போர்த்துக்கேயம் இத்தாலியின் உடன்பிறப்பு. அங்கும் 'போ' வினை 'வோ, வாய், வாமுஸ்' என்று நெளிந்து, இறந்த காலத்தில் 'ஃபோய்' என்று வேறு முகம் காட்டும். மட்டக்களப்புக் கிரியோலில் இந்த இடவேறுபாடு இல்லை. நான் என்றாலும் அவர்கள் என்றாலும் வினை ஒன்றே. முன்னால் ஒரு சிறுசொல் ஒட்டிக் காலத்தைச் சொல்லும். நிகழ்காலத்துக்குத் 'தா', இறந்த காலத்துக்கு 'ஜா'. இந்த 'ஜா' போர்த்துக்கேயத்தில் 'ஏற்கெனவே' என்று பொருள்படும் சொல்.

இதை உடைந்த போர்த்துக்கேயம் என்று இகழ்ந்தவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. அந்நிய நாக்குகள் காதால் கேட்டுக் கற்றபோது முரண்டு பிடித்த உருவங்கள் உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் அந்த மக்கள் தமக்கென்று புதிய ஒழுங்கைக் கட்டிக்கொண்டார்கள். அதில் தமிழின் சாயலும் சேர்ந்தது; நமது வாக்கியம் போலவே வினை கடைசியில் வந்து நிற்கிறது. 1970களில் மொழியியலாளர் இயன் சிமித் இதனை விரிவாக ஆராய்ந்து உலகறியச் செய்தார். விலக்குகளை இழந்தும் ஒரு மொழி முந்நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது. ஆனால் இன்று அதற்கு வந்திருக்கும் ஆபத்து வேறு. பெரியவர்கள் பேசுகிறார்கள், பிள்ளைகள் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டார்கள். 2004 ஆழிப்பேரலை டச்பார்ப் பறங்கியர் குடியிருப்பை அழித்தபோது, அந்த மொழியைப் பேசிய வாய்களும் பல போயின. விலக்கு உதிர்ந்தால் மொழி உருமாறும். பேச ஆளில்லாமற் போனால் உருமாறவும் ஒன்றிருக்காது.

நமது பேச்சுக்கு வருவோம். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ் வழக்குகள் அனைத்திலும் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழ் என்றும், அது மிகப் பழைய கூறுகளைக் காத்துவைத்திருக்கிறது என்றும் கருதினார். நாம் பெருமையோடு எடுத்துச் சொல்லும் கருத்து இது. காத்தவர்கள் யார்? புலவர்களுக்கு அதில் பங்குண்டு. ஆனால் வயலிலும் வாவியிலும் வீட்டு முற்றத்திலும் 'என்னகா', 'மனே' என்று பேசிய எழுத்தறியா மனிதரின் பங்கே பெரிது. அவர்கள் பேச்சை நாகரிகமற்றது என்று பிள்ளைகளின் முன்னால் திருத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சுவெலபில் மெச்சிய கருவூலத்தின் கதவை நாமே அடைப்பதாகும்.

எனது உறவுப் பெண்ணொருத்தி பலர்மோவில் வீட்டுப் பணி செய்கிறாள். அங்கே பிறந்த அவளது மகன் தொலைபேசியில் இங்குள்ள அம்மம்மாவிடம், 'நான் பெரிய கப்பல் காணினன்' என்றான். பேசினன், ஓடினன் என்ற அச்சில் அவன் தானே வார்த்த சொல் அது. அவன் அறிவுக்கு அது சான்று. ஆனால் 'கண்டன்' என்பதை அவன் போதிய தரம் கேட்டதில்லை என்பதற்கும் சான்று. அம்மம்மா சிரிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. 'எங்க மனே கண்ட? எப்ப கண்ட? வேற என்ன கண்ட?' என்று கேட்டாள். நாலாவது பதிலில் 'கண்டன்' என்று வந்தது. இலக்கண ஆசிரியர் எவரும் இதைவிடச் சிறப்பாகக் கற்பித்துவிட முடியாது.

புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ்ப் பாடசாலைகள் நடக்கின்றன. நல்ல பணி. பேசினான், ஓடினான் என்ற ஒழுங்கை அங்கே ஒரு தவணையில் கற்றுக்கொடுத்துவிடலாம். பிள்ளை வளர்ந்த பின்னும் புத்தகத்தைத் திறந்து அதைக் கற்க முடியும். ஆனால் வா, போ, தா, காண், நில், சா என்பன அட்டவணையில் இருந்து நாவுக்கு ஏறுவது கடினம். ஆயிரம் தரம் காதில் விழுந்தால்தான் அவை தங்கும். அந்த ஆயிரம் தரத்தை வாரத்தில் இரண்டு மணிநேரப் பாடம் தரமாட்டாது. சோறு போடும்போதும், நித்திரைக்கு அழைக்கும்போதும், கோபிக்கும்போதும் பேசும் பேச்சுத்தான் தரும்.

ஆகவே, கடல்கடந்து பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உள்ள நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் நலம் விசாரித்ததும் காணும் என்று வைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளையோடு பேச்சை நீட்டுங்கள். வந்தியா, கண்டியா, நிண்டியா, தந்தியா என்று கேளுங்கள். அவன் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, மறுபடி கேளுங்கள். இத்தாலியின் 'வா'வை அவனுக்கு அவனுடைய பள்ளிக்கூடம் கொடுத்துவிடும். நமது 'வா'வைக் கொடுக்க நம்மை விட்டால் ஆளில்லை.