கைக்குழந்தையின் மூக்கடைப்பு: வீட்டில் செய்வதும் சங்கம் செய்வதும்

(கண்டிப் பகுதித் தோட்டங்களின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கிலோ, பேர் கணக்கு, சேமலாப நிதி என்றுதான் பேசுவோம். இன்றைக்குப் பிள்ளையின் மூக்கைப் பற்றிப் பேசுகிறேன். இதுவும் தொழிற்சங்க விஷயம்தான். ராத்திரி முழுக்க மூக்கடைத்து அழுத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய், விடிந்ததும் பிரட்டுக்கு எப்படிப் போவாள்? போகாவிட்டால் ஒரு பேர் போய்விட்டது. போனால் மனம் மலையில் நிற்காது. இரண்டு வாரம் இப்படியே இழுத்தால், யாராவது சொன்ன மருந்தை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நான் வைத்தியர் அல்ல. வைத்தியர்களும் குடும்ப நல மாதுமாரும் கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயங்களை, நமது லயத்து வாழ்க்கைக்குப் பொருத்திச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். நமக்கு மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். பிறந்து சில மாதங்கள் வரை பிள்ளைக்கு அது சரியாக வராது. மூக்கால்தான் அதிகம் மூச்சு விடும். அந்த மூக்குத் துவாரமோ மிகச் சிறியது. கொஞ்சம் சளி காய்ந்து ஒட்டினாலும் 'கர் கர்' என்று சத்தம் வரும். பால் குடிக்கும்போது வாய் முலையில் இருப்பதால் மூச்சு முட்டும். உடனே விட்டுவிட்டு அழும். பசி தீராது, தூக்கமும் வராது. "பிள்ளைக்குப் பால் பிடிக்கவில்லை, பால் போதவில்லை" என்று சொல்லிப் போத்தலைத் தேடாதீர்கள். அடைத்திருக்கும் மூக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிறந்த பிள்ளை தும்முவதும், முதல் சில வாரங்கள் மூக்கில் சத்தம் வருவதும் பெரும்பாலும் இயல்பானதே. பால் நன்றாகக் குடித்து, நிறை கூடி, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். தடிமன் வந்தால் பத்து நாள், சில நேரம் இரண்டு வாரம்கூட இருக்கும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது என்பதற்காக மட்டும் கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படாது. முதல் வருடத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு, எட்டுத் தடவை தடிமன் வரலாம். பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக வரும். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது தொற்றிக்கொள்வதால், "மாதக்கணக்கில் ஒரே சளி" என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் நமது லயங்களில் மூக்கடைப்பு ஓயாமல் இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. அதுதான் புகை. வெள்ளைக்காரன் காலத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியாகக் கட்டிய காம்பராவில் இன்றைக்கும் நம்மில் பலர் இருக்கிறோம். பக்கத்திலேயே அடுப்பு. கவ்வாத்து விறகு ஈரமாக இருந்தால் வீடு முழுக்கப் புகைதான். ஹந்தானையிலும் ரங்கலையிலும் தெல்தோட்டையிலும் மழையும் பனியும் இறங்கும் மாதங்களில் குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னலைச் சாத்தி வைக்கிறோம். புகை உள்ளேயே நிற்கிறது. அடுப்படிதான் சூடு என்று பிள்ளையையும் அங்கேயே படுக்க வைக்கிறோம். புகை பட்டால் மூக்கின் உள்தோல் வீங்கும், சளி சுரக்கும். எத்தனை மருந்து கொடுத்தாலும் புகை நிற்காதவரை அடைப்பும் தீராது.

அடுப்புப் புகை மட்டுமல்ல. குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி காட்டுகிறோம். இரவில் நுளம்புச் சுருள் கொளுத்துகிறோம். தகப்பன்மார் திண்ணையில் பீடி, சிகரெட் பற்ற வைக்கிறார்கள். எல்லாம் அந்தச் சின்ன மூக்குக்குள்தான் போகிறது. சாம்பிராணி நம் பாட்டிமார் அன்போடு செய்த பழக்கம். அவர்களைக் குறை சொல்லவில்லை. தலை காய நல்ல துண்டு போதும். நுளம்புக்கு வலை கட்டுங்கள். தோழர்களே, சிகரெட்டை வாசலில் நின்று பிடித்தாலும் புகை காம்பராவுக்குள்தான் வரும். அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம்.

இனி, வீட்டில் என்ன செய்யலாம்?

பாமசியில் பிள்ளைகளுக்கான உப்புநீர் மூக்குத்துளி, அதாவது சலைன் துளி, கிடைக்கிறது. மருந்து எதுவும் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். மூக்கடைப்பு மருந்துத் துளி வேறு, வெறும் சலைன் துளி வேறு. பிள்ளையை மல்லாக்காகப் படுக்க வைத்து, பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு துளி, இரண்டு துளி விடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். காய்ந்த சளி இளகும், பிள்ளை தும்மும். வெளியே வந்ததைச் சுத்தமான பருத்தித் துணியைத் திரித்து, மூக்கின் வாசலில் மட்டும் ஒற்றி எடுங்கள். உள்ளே குச்சியும் பஞ்சும் விட வேண்டாம். சளி உறிஞ்சும் சின்ன ரப்பர் பம்ப் இருந்தால் மெதுவாக, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் இல்லாமல் பாவியுங்கள். அதிகம் உறிஞ்சினால் உள்தோல் புண்ணாகி இன்னும் அடைக்கும். உப்பைக் கண்ணளவில் அள்ளிப்போட்டு வீட்டில் கரைக்காதீர்கள். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும்; உப்புக் கூடினால் எரியும்.

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். விழித்திருக்கும்போது தோளில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது மட்டும் சமமான படுக்கையில் மல்லாக்காகவே படுக்க வேண்டும். மூச்சு விட லேசாக இருக்கும் என்று தலையணை வைக்காதீர்கள். தலை சரிந்தால் மூச்சு அடைபடும். வீட்டில் தடிமன் உள்ளவர்கள் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது. தாய்க்கே தடிமன் என்றாலும் பாலை நிறுத்த வேண்டாம். மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கொடுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது சுவாசப்பைக்குள் இறங்கினால் நியூமோனியா போன்ற நோய் வரும். வாயால் உறிஞ்சவோ ஊதவோ வேண்டாம். நம் வாய்க்கிருமி பிள்ளைக்குப் போகும். கற்பூரம், மெந்தோல் கலந்த பாமைக் கைக்குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் தேய்க்காதீர்கள். ஆவி பிடிக்க வைக்காதீர்கள். கொதிநீர் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கொத்தமல்லி அவித்துத் தாய் குடிக்கட்டும். ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். ஒரு வயது வரை தேன் வேண்டவே வேண்டாம்.

பாணி மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய பிள்ளைக்குக் கொடுத்து மிச்சமிருக்கும் பிரிட்டன் பாணியை, இருமல் பாணியைக் கைக்குழந்தைக்கும் அரைக் கரண்டி கொடுப்பது நம்மிடையே இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தத் தடிமன், இருமல் மருந்துகள் நன்மை செய்வதில்லை. தூக்க மயக்கம், இதயப் படபடப்பு, மூச்சுத் தளர்ச்சி வரலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008லேயே இந்த வயதுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

2025 கடைசியில் இந்தியாவில் நடந்ததையும் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா மாவட்டத்தில் சாதாரணச் சளி இருமலுக்கு 'கோல்ட்ரிஃப்' என்ற பாணி குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அந்தப் பாணி தயாரானது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். பரிசோதித்தபோது டைஎதிலீன் கிளைகோல் என்ற நஞ்சு ஏறக்குறையப் பாதியளவு இருந்தது. இதே போன்ற கலப்படப் பாணியால் 2022ல் ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். எல்லாப் பாணியும் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. தானாக ஆறக்கூடிய தடிமனுக்கு, தேவையே இல்லாத மருந்தால் அந்த உயிர்கள் போயின என்பதைத்தான் நினைவில் வைக்கச் சொல்கிறேன். காய்ச்சலுக்குப் பனடோலும் வைத்தியர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும்.

எப்போது பயப்பட வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்குங்கள். வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். போனில் மணி பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் ஆபத்து. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல். மலையில் எத்தனை கிலோ என்று கணக்கு வைக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமல்ல. தகப்பனும் பாட்டியும் எண்ணப் பழகட்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், முனகினால், உதடு நீலமாக மாறினால், பால் குடிக்க முடியாவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தி எடுத்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிதான். சில தடிமன் மூன்றாம் நாள், ஐந்தாம் நாளில்தான் நெஞ்சுக்குள் இறங்கி மோசமாகும். "நேற்றுப் பார்த்தோம், ஒன்றுமில்லை" என்று இருந்துவிட வேண்டாம். பிறந்ததிலிருந்தே அடைப்பு நீங்காமல், பால் குடிக்கும்போது நீலம் பாரித்து அழும்போது நிறம் திரும்பினால், மூக்கின் உள்வழி மூடியிருக்கலாம். வைத்தியரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரம் தாண்டிய அடைப்பையும், நிறை கூடாததையும் பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு போய்க் காட்டுங்கள்.

அவசரமென்றால் 1990 அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. அவர்கள் கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிசன், லய இலக்கம், பாதையில் தெரியும் கோவிலோ பாலமோ எது என்று சொல்லப் பழகுங்கள்.

இதுவரை தாயும் தகப்பனும் செய்வதைச் சொன்னேன். இனி சங்கத்தின் பங்கு.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ல் வந்தது. அதன்படி லீவு பன்னிரண்டு வாரம். பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் பத்து வாரம். முன்பு மூன்றாவது பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். 2018ல் அந்த வேற்றுமையை நீக்கினார்கள். ஆக, இரண்டரை மாதத்தில் தாய் மலையேறுகிறாள், பிள்ளை பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறது. மூக்கடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடு என்று சொன்னேனே, மலையில் நிற்கும் தாய் எப்படிக் கொடுப்பாள்?

அதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணி நேரத்துக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இது துரை போடும் பிச்சையல்ல, சட்டம். ஆனால் கொழுந்து மலை மேலே, பிள்ளைக் காம்பரா கீழே என்றால் அரை மணி நேரம் இறங்கி ஏறவே போய்விடும். எனவே கைக்குழந்தை உள்ள தாய்மாரைக் கிட்ட உள்ள மலைக்குப் போட வேண்டும். பால் கொடுக்கப் போனவளுக்குக் கிலோ குறைந்தது என்று அரைப் பேர் போடக் கூடாது. இவை நமது கோரிக்கைகள்.

பிள்ளைக் காம்பராவுக்கு ஜன்னல் வேண்டும், கை கழுவக் குழாய் வேண்டும், சமையல் வேறு இடத்தில் நடக்க வேண்டும். லயத்துக் கூரை திருத்தும்போது அடுப்புக்குப் புகைபோக்கியும் சேர்த்துக் கேளுங்கள். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதை என்றால் இரவில் எந்த வாகனம், யார் பொறுப்பு என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். காணியோடு தனி வீடு என்று நாம் கேட்பதும் இதற்காகத்தான். புகை இல்லாத மூச்சும் அதில் அடங்கும்.

ஒவ்வொரு தோட்டத் தலைவியும் மூன்று விஷயம் எழுதி வாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மார் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்குப் பால் இடைவேளை கிடைக்கிறது? புகைபோக்கி இல்லாத அடுப்பு எத்தனை? அந்தக் கணக்கோடு நிர்வாகத்திடம் போவோம். அதுவரை மூச்சை எண்ணும் முறையைப் பக்கத்துக் காம்பராத் தாய்க்கும் சொல்லிக் கொடுங்கள்.