சேற்று மண்ணின் பெயர்கள்



ஊர்ப் பேச்சு என்றால் பள்ளிவாசல், கந்தூரி, நெய்ச்சோறு என்றுதான் நாம் தொடங்குவோம். இன்று சேற்றைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் குடும்பங்களில் பலவற்றுக்குப் பூர்வீகம் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தோப்புத்துறைப் பக்கம். மலையே இல்லாத மண். காவிரியின் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் கடலை நெருங்கியதும் நடை தளர்ந்து கழியாகப் பரந்துவிடும். ஓரமெல்லாம் அலையாத்தி மரம். சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சுவேர். கோடியக்கரையோடு சேர்த்து இந்தச் சதுப்பு 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

"அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஏறிப் பார்க்க ஒரு குன்றுகூட இல்லை. ஆனால் மேடில்லாத நிலத்தில் வருகிறவர் தூரத்திலேயே தெரிவார். போகிறவரும் வெகுநேரம் தெரிந்துகொண்டே இருப்பார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறப் புறப்பட்டவர்களை நம் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் பார்த்து நின்றார்கள். கழியும் கண்டலும் சூழ்ந்த நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தார்களே, காரணத்தை ஏட்டில் தேட வேண்டியதில்லை.

அந்தச் சேறும் பட்டபாடு கொஞ்சமல்ல. மரத்தை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்தது. ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, உப்பாகக் காய்ந்தது. பிறகு வனத்துறை மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்துபோக வழிசெய்து, கன்றுகளை வளர்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து காட்டை முறித்துப் போட்டது.

கூலாயில் நமக்குத் தெரிவது செம்பனை மேடுகள்தாம். ஆனாலும் நமக்கருகில் குனோங் பூலாயில் பிறக்கும் சுங்கை பூலாய் இறங்கிச் சேருவது அதே மாதிரிச் சதுப்பில். அந்த ஆற்றுமுகம், பூலாவ் குக்குப், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய், மூன்றும் 2003இல் ராம்சார் பட்டியலுக்கு வந்தன. மலாயில் சதுப்புக்குப் 'பாயா' என்று பெயர். நம் பிள்ளைகளுக்குப் பாயா என்றால் இடியாப்பத்தோடு வரும் ஆட்டுக்கால்!

ஊர்ச் சேற்றை மிதித்த பெரியவர்கள் நம்மிடையே இன்று மிகச் சிலரே. எந்த வாய்க்காலுக்கு என்ன பெயர், எந்தத் துறையில் எந்த மீன் என்பதெல்லாம் அவர்கள் வாயில் மட்டுமே இருக்கிறது. ஆகவே வரும் பள்ளி விடுமுறையில் அவர்களையும் பிள்ளைகளையும் ஒரே பேருந்தில் தஞ்சோங் பியாய்க்கு அழைத்துப்போக நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். சேற்று வாடை பட்டால் பேச்சு தானாக வரும். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் முன்கூட்டியே சொல்லுங்கள். நோட்டுப் புத்தகமும் பேனாவும் இளைஞர் பகுதியின் பொறுப்பு.