சிறு லாரியின் பின்னச்சுக் கணக்கு

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் குடியானவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். ஏர் மாடு வேறு, பார வண்டி மாடு வேறு, பந்தய மாடு வேறு என்பதை அவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. அத்தகைய குடியானவர் பலர் ஒன்றுகூடிச் சங்கத்தின் பெயரால் ஒரு சிறு லாரி வாங்க முற்படும்போது மட்டும், வர்ணம் என்ன, குதிரைச் சக்தி எத்தனை, விலை எவ்வளவு என்ற மூன்று கேள்விகளோடு நின்றுவிடுகின்றனர். “பின்னச்சின் விகிதம் என்ன?” என்ற நான்காவது கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே. வண்டி சங்கத்திற்கு உழைக்குமா, அல்லது சங்கம் வண்டிக்கு உழைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த நான்காவது கேள்வியேயாம்.

பின்னச்சு விகிதம் என்பது யாது? யந்திரம் சுழலும் வேகம் வேறு. சக்கரம் சுழலும் வேகம் வேறு. யந்திரத்தின் சுழற்சி முதலில் கியர்ப்பெட்டியினுள் புகுந்து, அங்கிருந்து ஒரு நீண்ட தண்டின் வழியாக வண்டியின் பின்புறம் செல்கிறது. அத்தண்டின் நுனியில் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது. அது பின்னச்சின் நடுவிலுள்ள குடம் போன்ற பாகத்தினுள் ஒரு பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சிறியதைப் பினியன் என்றும் பெரியதைக் கிரவுன் என்றும் பட்டறைக்காரர் கூறுவர். சிறியதற்கு 11 பல்லும் பெரியதற்கு 40 பல்லும் இருந்தால், தண்டு ஏறக்குறைய 3.64 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த 3.64 என்ற எண்ணே பின்னச்சு விகிதம் எனப்படும்.

கை இராட்டையை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். இராட்டையில் பெரிய சக்கரம் ஒரு முறை சுற்ற, கதிர் பல முறை சுற்றுகிறது. வேகம் மிகுகிறது, ஆயினும் அக்கதிரை ஒரு விரலால் தடுத்து நிறுத்திவிடலாம். வேகம் மிகுந்த அளவுக்கு வலிமை குறைந்தது என்பதே காரணம். பின்னச்சில் நடப்பது இதன் மறுதலை. சிறிய சக்கரம் பல முறை சுற்றிப் பெரியதை ஒரு முறை சுற்றுகிறது. வேகம் குறைகிறது, வலிமை பெருகுகிறது. விகித எண் பெரிதாயின் வண்டி பாரத்தை எளிதில் இழுக்கும், ஆனால் யந்திரம் மிகுதியாகச் சுழலும். எண் சிறிதாயின் யந்திரம் நிதானமாகச் சுழலும், ஆனால் இழுப்பு குறையும். இரண்டையும் ஒருங்கே தருகின்ற அச்சு உலகில் இல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எண் பெரிதான அச்சைச் சிலர் தாழ்ந்த கியர் என்றும், எண் சிறிதான அச்சை உயர்ந்த கியர் என்றும் வழங்குவர். இதனால் வாங்குவோர் மயங்குவது உண்டு. ஆகையால் உயர்வு, தாழ்வு என்ற பேச்சை விட்டு, எண்ணை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வதே நன்று.

இதன் உண்மையை மோட்டார் வண்டிகளின் சரித்திரமே காட்டும். அமெரிக்காவில் போர்டு கம்பெனியார் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டி’ மாடல் வண்டியின் யந்திரம் 20 குதிரைச் சக்தி உடையது. அதன் பின்னச்சு விகிதம் மேலே கூறிய 3.64. 1917இல் அவர்களே ஒரு டன் பாரம் ஏற்றும் ‘டிடி’ லாரியை வெளியிட்டனர். அதற்கென்று புதிய யந்திரம் செய்தார்களா? இல்லை. அதே யந்திரத்தை வைத்து, சட்டத்தை நீட்டி உறுதிப்படுத்தி, பின்னச்சை மாற்றினார்கள். லாரியின் விகிதம் 7.25 ஆயிற்று, ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் பயன், மணிக்கு 20 மைல் வேகத்தில் பிரயாணிகள் வண்டியின் யந்திரம் நிமிஷத்திற்கு 800 சுற்றளவில் சுழல, லாரியின் யந்திரம் 1,500 சுற்றளவில் சுழன்றது. அந்த யந்திரம் தன் முழுச் சக்தியைத் தருவது 1,600 சுற்றளவிலேயாதலால், லாரி அதற்குமேல் அதிக வேகம் போக இயலாது. ஆனால் வேகத்தில் இழந்ததை அது பாரத்தில் ஈடு செய்தது. பின்னர் 1925இல் அதே கம்பெனியார் ‘டி’ மாடலில் பின்புறம் திறந்த பெட்டியமைத்துப் பிக்கப் வண்டியாக விற்றனர். இலேசான பாரத்திற்கு 3.64 போதும், ஒரு டன்னுக்கு 7.25 வேண்டும் என்ற பாகுபாடு அன்றே ஏற்பட்டுவிட்டது.

இன்னொரு சான்று ஜீப் வண்டி. இரண்டாம் உலக யுத்தத்திற்காக 1941 முதல் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. யுத்தம் முடியும் தறுவாயில், 1945இல், அக்கம்பெனியார் பண்ணை வேலைக்கென்று ஒரு ஜீப்பை வெளியிட்டபோது விகிதத்தை 5.38 ஆக்கினர். இரண்டிலும் யந்திரம் ஒரே இனம். 4,000 சுற்றில் 60 குதிரைச் சக்தி. படைவீரனுக்கு வேகம் வேண்டும். குடியானவனுக்குக் கலப்பையும் வண்டியும் இழுக்கும் வலிமை வேண்டும். ஆகவே யந்திரத்தைத் தொடாமல் அச்சை மாற்றினார்கள்.

இந்த மாறுதலின் அளவை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சக்கரத்தில் ஒரு சுண்ணாம்புக் குறியிட்டு, வண்டியை மெல்லத் தள்ளி, அக்குறி ஒரு முழுச் சுற்று வரும்வரை தரையில் சென்ற தூரத்தை அளக்க வேண்டும். அது ஏழரை அடி என்று வைத்துக்கொள்வோர், மைலின் 5,280 அடியை ஏழரையால் வகுத்தால் மைலுக்கு 704 சுற்று வரும். மணிக்கு 60 மைல் என்பது நிமிஷத்திற்கு ஒரு மைல். ஆகவே சக்கரம் நிமிஷத்திற்கு 704 முறை சுழலும். இதை 4.88ஆல் பெருக்கினால் யந்திர வேகம் 3,435 சுற்று, 5.38ஆல் பெருக்கினால் 3,787 சுற்று. 30 மைல் வேகத்திற்கு இவற்றில் பாதி. கிலோமீட்டரில் கணக்கிடுவோர் 1,000 மீட்டரைச் சக்கரத்தின் சுற்றளவு மீட்டரால் வகுத்துக்கொள்ளலாம். கியர்ப்பெட்டி நேர்கியரில் இருக்கும்போது இக்கணக்கு பொருந்தும். மற்றக் கியர்களில் அந்தக் கியரின் விகிதத்தாலும் பெருக்க வேண்டும். அச்சை 4.88லிருந்து 5.38 ஆக்கியதில் இழுப்பு பத்தில் ஒரு பங்கு கூடிற்று. யந்திரத்தின் சுழற்சியும் அதே பத்தில் ஒரு பங்கு கூடிற்று. இதுவே பின்னச்சின் வரவு செலவு. சங்கத்தின் பேரேட்டில் போலவே இங்கும் ஒரு பக்கம் பற்று எழுதாமல் மறுபக்கம் வரவு எழுத இயலாது.

இக்காலத்து வண்டிகளில் இந்தப் பேரேடு சற்று விரிந்திருக்கிறது. அக்காலத்து ஜீப்பில் மூன்று முன்கியர்களே இருந்தன. அமெரிக்காவில் 2017 முதல் போர்டு எப்-150 என்ற பிக்கப் வண்டியில் பத்து முன்கியர்கள் கொண்ட பெட்டியும் கிடைக்கிறது. அதில் முதற் கியரின் விகிதம் ஏறக்குறைய 4.7, பத்தாவது கியரின் விகிதம் ஏறக்குறைய 0.64. பின்னச்சு 3.55 ஆயின், புறப்படும்போது மொத்த விகிதம் 16க்கு மேல், நெடுஞ்சாலையில் 2.27 மட்டுமே. ஆகவே பாரத்துடன் கிளம்பவும் வலிமை உண்டு, சமநிலத்தில் யந்திரம் நிதானமாகச் சுழலவும் வழி உண்டு. ஆயினும் கியர்கள் பலவாயின என்பதற்காகப் பின்னச்சைக் கவனியாமல் விடலாகாது. அந்த வண்டியையே பாரம் இழுப்போருக்கு 3.73 போன்ற பெரிய எண்ணோடும் விற்பது இதனாலேதான்.

இனி, சங்கத்தார் செய்யும் தேர்வில் நேரும் பிழைகள் இரண்டு. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்று. வாழைத்தாரும் உருளைக்கிழங்கு மூட்டையும் ஏற்றி இறக்க வேண்டிய சங்கம். அது எண் சிறிதான அச்சுடைய வண்டியை வாங்கினால் என்ன நிகழும்? ஏற்றத்தில் பாரத்தோடு வண்டியைக் கிளப்ப, டிரைவர் கிளச்சைப் பாதி விட்டும் பாதி பிடித்தும் தேய்க்க நேரிடும். கிளச்சுத் தகடு காய்ந்து கருகும். யந்திரம் திணறித் திணறி இழுப்பதால் வெப்பம் ஏறும். மேற்கியரில் போகவேண்டிய இடத்தில் கீழ்க்கியரிலேயே போக நேர்வதால், எண்ணெய்ச் செலவு குறையும் என்று சொன்ன பேச்சும் பொய்யாகும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. சமவெளியில், தார் ரஸ்தாவில், இலேசான காய்கறிக் கூடைகளை நாற்பது ஐம்பது மைல் தொலைவிலுள்ள பட்டணத்துக்கு நாள்தோறும் கொண்டு செல்லும் சங்கம், “வலிமை இருந்தால் நல்லதுதானே” என்று எண் பெரிதான அச்சை வாங்கினால், யந்திரம் ஒவ்வொரு மைலிலும் வேண்டாத நூற்றுக்கணக்கான சுற்றுகளைச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு உண்டு; உராய்வுக்கு எண்ணெய் உண்டு; எண்ணெய்க்குப் பணம் உண்டு. அங்கத்தினரின் பங்குத்தொகை புகைக்குழாய் வழியாகப் போய்க்கொண்டேயிருக்கும். எவரும் திருடவில்லை, ஆயினும் பெட்டியில் பணம் குறையும்.

மலைப்பாதையில் மற்றொன்றும் உண்டு. இது பணத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. இறக்கத்தில் கீழ்க்கியரில் வந்தால் யந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். எண் பெரிதான அச்சில் இந்தப் பிடிப்பு மிகுதி. எண் சிறிதான அச்சில் பிடிப்பு குறைவாதலால் டிரைவர் பிரேக்கையே நம்பி வருவார். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கும். ஏறும்போது நேரும் நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவிடலாம். இறங்கும்போது நேரும் நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுத இயலாது.

டயர் மாற்றுவதிலும் கவனம் வேண்டும். தோற்றத்திற்காகவோ, பள்ளம் மேட்டுக்காகவோ பத்தில் ஒரு பங்கு பெரிய டயரைப் பூட்டினால், 5.38 அச்சு ஏறக்குறைய 4.88 அச்சைப்போல நடக்கும். அதிகப் பணம் கொடுத்து வாங்கிய இழுப்பு டயரிலே போய்விடும். வேகம் காட்டும் முள்ளும் உண்மை வேகத்தினும் குறைத்தே காட்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின், பின்னச்சை மட்டும் மாற்றலாகாது. முன்னச்சும் அதற்கு ஒத்த விகிதத்தில் இருக்கவேண்டும். இல்லையேல் இரண்டும் ஒன்றோடொன்று போரிட்டுப் பற்கள் முறியும்.

பழைய வண்டி வாங்குவோர் விற்பவர் வாய்ச்சொல்லை நம்பவேண்டுவதில்லை. அச்சின்மேல் தகடு இருந்தால் அதில் பார்க்கலாம். இல்லையேல், சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி உறுதியான முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். இரு சக்கரங்களையும் ஒருசேர ஒரு முறை சுற்றி, நடுத்தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினால் விகிதம் தெரிந்துவிடும். பத்து முறை சுற்றி எண்ணிப் பத்தால் வகுத்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும். இதைப் பழகிய பட்டறைக்காரரைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் புகலாகாது.

ஆகவே வண்டி வாங்கத் தீர்மானம் நிறைவேற்றுமுன், நிர்வாகக் கமிட்டியார் நான்கு குறிப்புகளை மினிட் புத்தகத்தில் எழுதிக்கொள்வது நலம்: வழக்கமாக ஏற்றும் பாரம் எவ்வளவு, போகும் பாதை மேடா சமவெளியா, நாள் ஒன்றுக்கு எத்தனை மைல், வண்டி வரும் டயரின் அளவு யாது. இந்நான்கும் தெரிந்தால் எந்த எண்ணுள்ள அச்சு வேண்டும் என்பதை விற்பவரிடம் கேட்டுப் பெறலாம். வாங்கிய பின் கிரவுனையும் பினியனையும் மாற்றுவது பெருஞ்செலவு. வாங்குமுன் கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

தனி ஒருவன் தவறாக வாங்கினால் நஷ்டம் அவனோடு போகும். சங்கம் தவறாக வாங்கினால், பத்து ரூபாய் பங்கு போட்ட விதவையின் பணமும் அதில் சேர்ந்தே போகும். அந்தப் பங்குக்குச் செய்யும் மரியாதை, சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல், வண்டியின் பின்னச்சிலுள்ள பல்லையும் எண்ணிப் பார்ப்பதேயாகும்.