முறுக்கும் தாத்தாவும்

(தலைப்பு: மனிதர்களைச் சேர்த்து வைப்பது விஞ்ஞானமா? மனமா? – ‘மனமே!’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், “விஞ்ஞானம் மனுஷனை வானத்திலேயே பறக்க வைச்சிருச்சு”ன்னு பெருமையாச் சொன்னார். வாஸ்தவம்தான். நானும் அந்த விமானத்திலேயே ஏறுகிறேன்.

நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். எதிரே குட்டித் திரை. பணிப்பெண் சிரித்த முகத்தோடு வந்து, காதில் மாட்டுற ஹெட்போனைக் கொடுக்கிறார். வாங்குகிறவருக்குக் காது கேட்காது! பல் போன தாத்தாவுக்கு முறுக்கு கொடுத்த கதைதான். (சிரிப்பு)

சிரிச்சிட்டோம். அவர் சிரிப்பாரா? பக்கத்து சீட்டுக்காரர் படம் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். இவர் வாயசைவைப் பார்த்துக்கொண்டே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஊமைப்படக் காலத்தில் இந்தப் பாகுபாடு இல்லை, ஐயா. வசனம் திரையில் எழுத்தாக வந்தது. எல்லோரும் சேர்ந்து படித்தார்கள். 1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்தது. படம் பேச ஆரம்பித்தது, எழுத்து போய்விட்டது. விஞ்ஞானம் வளர்ந்தது, ஒரு கூட்டம் வெளியே நின்றது!

உள்ளே அழைத்தது யார்? ஊமைப்படங்களில் நடித்த எமர்சன் ரொமேரோ. அவருக்கும் காது கேட்காது. 1947-இல், படச்சுருளை வெட்டி, நடுவிலே எழுத்து அட்டைகளை ஒட்டினார். அது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? கத்திரிக்கோலும் மனசும்தாங்க!

1980-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘குளோஸ்டு கேப்ஷன்’ வந்தது. வேண்டுமென்றால் எழுத்து தெரியும், வேண்டாமென்றால் மறையும். வசனம் மட்டுமல்ல, ‘கதவு தட்டும் சத்தம்’ என்றுகூடப் போடுவார்கள். 1993 முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டி.வி.க்களில் அதற்கான சில்லு இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது.

அப்படியானால் விமானத்தில்? 2009-இல் அமலுக்கு வந்த அமெரிக்க விதி, பாதுகாப்புப் படத்துக்கு எழுத்து கட்டாயம் என்றது. பொழுதுபோக்குப் படத்தை விட்டுவிட்டது! உயிரோடு கொண்டுபோய் இறக்கிவிட்டால் போதுமாம். பார்சலையும் அப்படித்தானே இறக்குறாங்க? (கைதட்டல்)

2016-இல், அரசு அமைத்த குழுவில் விமான நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளும் உட்கார்ந்து பேசி, படங்களுக்கும் எழுத்து வேண்டும் என்று உடன்பட்டார்கள். 1980-இல் வந்த கருவிக்கு, 36 வருஷம் கழித்து உடன்பாடு! இன்றைக்கும் சில படத்துக்கு வருகிறது, சில படத்துக்கு வருவதில்லை.

“செலவாகுமே”ன்னு எதிரணியில் கேட்கலாம். இன்ஜின் இரைச்சலில் வசனம் புரியாதவருக்கும், மடியில் குழந்தையைத் தூங்க வைத்த தாய்க்கும் அதே எழுத்து உதவுமே! அவரும் முழு டிக்கெட் வாங்கித்தானே ஏறினார்? காது கேட்காதுன்னு யாராவது அரை டிக்கெட் போட்டாங்களா? அவர் கேட்பது தர்மம் இல்லீங்க, காசு கொடுத்த பண்டம்.

கருவி நேற்றே தயார். காத்துக்கொண்டிருப்பது மனசுக்காக. ஆகவே, சேர்த்து வைப்பது மனமே, மனமே!