பேய்க்கும் சாதி உண்டு: ராஜ் கௌதமன் நினைவுரை



2024 நவம்பர் 13 அன்று மறைந்த ராஜ் கௌதமனை 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதிய நாவலாசிரியராகவே நம்மில் பலர் அறிவோம். இன்று விமர்சகர் ராஜ் கௌதமனைப் பற்றிப் பேசுவோம்.

1950இல் வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியில் பிறந்தவர். பாமாவின் அண்ணன். புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியர். 'தலித் பண்பாடு' எழுதிய அதே கைதான் 'புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்' நூலையும் எழுதியது. புதுமைப்பித்தனின் அமானுஷ்யக் கதை ஒன்றின் தலைப்பு அது. கற்ற பார்ப்பனர் செத்து ஆகும் பேய்தான் பிரம்மராக்ஷஸ் என்பது நம்பிக்கை. பேய்க்கும் சாதி உண்டு, தோழர்களே! நம் தெருக் காட்டேரிக்கு வேதம் தெரியாது. புதுமைப்பித்தனோ பார்ப்பனர்கூட அல்லர், திருநெல்வேலிச் சைவ வேளாளர். அவர் தலையில் இந்தப் பட்டத்தைச் சூட்டியதை வெறும் குறும்பாக நாம் பார்க்கவில்லை. மேதை என்று கும்பிட்டு ஒதுங்காமல், அவர் எழுத்தில் எது கலகம், எது பழைய சாதி மனம் என்று பிரித்துப் பார்க்கும் துணிச்சல் அது.

அந்தக் கண்ணோடு 'காஞ்சனை'யை வாசிப்போம். நள்ளிரவில் விழிக்கும் எழுத்தாளரின் மூக்கில் வாசனையும் பிண நாற்றமும் ஏறுகின்றன. பேயா, பிரமையா என்று யோசிக்க அவருக்கு நேரமிருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்திலும் நெடி ஏறியது. கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா. யோசிக்க நேரமில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இந்த இரண்டு நள்ளிரவுகளையும் சேர்த்து வைத்து எழுதும் விமர்சனம் இன்னும் வரவில்லை. எண்ணூர் மாணவர்களே, எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் வாசிப்போம்.