வழிதவறிய குஞ்சுகள்



ஐஸ்லாந்து நாட்டின் தெற்கே ஹெய்மேய் என்றொரு தீவு. அதன் பாறைச் சரிவுகளில் பஃபின் என்னும் கடற்பறவைகள் வளை தோண்டி முட்டையிடுகின்றன. ஓர் இணைக்கு ஆண்டுக்கு ஒரே குஞ்சு. ஆகஸ்ட், செப்டம்பர் இரவுகளில் அக்குஞ்சுகள் கடலுக்குப் பறக்க வேண்டும். ஆனால் ஊரின் மின்விளக்குகளைக் கண்டு ஏமாந்து தெருக்களில் வந்து விழுகின்றன. பூனைகளும் வண்டிகளும் அங்கே அவற்றுக்கு ஆபத்து.

அந்த நாள்களில் தீவுச் சிறுவர் சிறுமியர் நள்ளிரவு கடந்தும் அட்டைப்பெட்டியோடு தெருத்தெருவாகத் தேடுகிறார்கள். கிடைத்த குஞ்சை இரவு காத்து, மறுநாள் கடலோரம் கொண்டுபோய்ப் பறக்க விடுகிறார்கள்.

விளக்கு வைத்தவர்கள் பெரியவர்கள். அதனால் வழிதவறிய குஞ்சைத் தேடிப் போகிறவர்கள் பிள்ளைகள். காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற ஆயனின் உள்ளம் இதுவல்லவா?

நம் திருவிழா வெடிகளும் இரவெல்லாம் எரியும் விளக்குகளும் ஆலய மரத்துப் பறவைகளை என்ன செய்கின்றன என்று நாம் கேட்டதுண்டா? அடிபட்ட ஒரு குருவியை நம் பிள்ளை கையில் ஏந்தி வந்தால், “போய்ப் படி” என்று விரட்டாதிருப்போம். தண்ணீர்க் கிண்ணத்தை நாமே எடுத்துக் கொடுப்போம். சிட்டுக்குருவியையும் மறவாத தந்தை அந்தச் சிறு கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.